கந்தோர் கணனியும் வீட்டுப் பேச்சும்

நீங்களோ உங்கள் வீட்டார் ஒருவரோ காரியாலயமொன்றில் பணிபுரிபவராயின், வேலை நேரத்தில் “பிள்ளைக்குக் காய்ச்சல் குறைந்ததா?” என்று வீட்டுக்கு ஒரு செய்தி அனுப்பியிருப்பீர்கள். அதைக் கண்ட முகாமையாளர் முகம் சுளித்துமிருப்பார். ஒரு காலத்தில் கந்தோர் தொலைபேசியை வைத்து நடந்த சச்சரவு, இன்று இணையத்தை வைத்து நடக்கிறது.

ருமேனியாவில் இந்தச் சச்சரவு பத்து வருட வழக்காகவே நீண்டது. தலைநகர் புக்காரெஸ்ட்டில் ஒரு கம்பனியில் விற்பனைப் பொறியியலாளராக இருந்தவர் அவர். வாடிக்கையாளர்களுக்குப் பதிலளிக்க யாகூ மெசஞ்சரில் ஒரு கணக்குத் திறக்கும்படி கம்பனியே அவரிடம் கேட்டது. கணனி, தொலைபேசி, போட்டோப் பிரதி இயந்திரம் எதையும் சொந்தத் தேவைக்குப் பாவிக்கக் கூடாதென்பது அங்கு விதி. இதை மீறியதற்காக ஒரு பெண் ஊழியர் விலக்கப்பட்டதைச் சொல்லி, ஊழியர்களுக்கு அறிவித்தலும் சுற்றுக்கு விடப்பட்டது.

2007 ஜூலை 13ஆம் திகதி அவரை அழைத்து, “இணையத்தைச் சொந்த வேலைக்குப் பாவித்தீரா?” என்று கேட்டார்கள். “இல்லை, தொழிலுக்கு மட்டுமே” என்று எழுதிக் கொடுத்தார். உடனே 45 பக்கங்களை அவர் முன் வைத்தார்கள். ஜூலை 5 முதல் அன்று வரை தன் சகோதரனோடும், தான் மணமுடிக்கவிருந்த பெண்ணோடும் அவர் பரிமாறிய செய்திகள், ஒரு வரி விடாமல் அதில் இருந்தன. உடல்நலம், அந்தரங்கம் எல்லாம் அந்தப் பக்கங்களில். ஆகஸ்ட் முதலாந் திகதி வேலை போயிற்று.

அவர் எழுதிக் கொடுத்தது உண்மையல்ல என்பதை மறைப்பதற்கில்லை. சம்பளம் வாங்கும் நேரம் ஓர் அமானிதம் என்று நம்மில் பலர் சொல்வோம், அதிலும் தவறில்லை. ஆனால் நேரத்தைத் திருடியவனைப் பிடிக்க, அவன் தன் வருங்கால மனைவிக்கு எழுதியதை வரிவரியாகப் படிக்கத்தான் வேண்டுமா? எத்தனை நிமிடம் பேசினான் என்று பார்த்தால் போதாதா?

ருமேனிய நீதிமன்றங்கள் இரண்டும் கம்பனியின் பக்கமே நின்றன. ஸ்ட்ராஸ்பர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றமும் 2016 ஜனவரியில், ஆறு நீதிபதிகளுக்கு ஒருவர் என்ற கணக்கில், அவரது கோரிக்கையை ஏற்கவில்லை. வழக்கு 17 நீதிபதிகள் கொண்ட பேராயத்துக்குப் போனது. 2017 செப்டெம்பர் 5இல் தீர்ப்பு மாறியது. 11 பேர் அவருக்குச் சார்பு, 6 பேர் எதிர்.

அந்தத் தீர்ப்பு, கந்தோரில் அரட்டையடிக்க யாருக்கும் அனுமதிச் சீட்டுக் கொடுக்கவில்லை. முதலாளி கண்காணிக்கலாம். ஆனால் கண்காணிக்கப் போவதையும், எந்தளவுக்கு என்பதையும் முற்கூட்டியே சொல்ல வேண்டும். அதற்குத் தகுந்த காரணம் இருக்க வேண்டும். செய்திகளைப் படிக்காமலே காரியம் முடியுமாயின் அந்த வழியைத்தான் நாட வேண்டும். “பாவிக்காதே” என்று விதி போட்டுவிட்டதால் மட்டும், வேலைத்தலத்தில் ஒரு மனிதனின் சொந்த வாழ்வு முற்றாக இல்லாமற் போய்விடாது என்றும் நீதிபதிகள் சொன்னார்கள். இவற்றையெல்லாம் ருமேனிய நீதிமன்றங்கள் சரியாக ஆராயவில்லை என்பதே குறை.

வென்றவருக்குக் கிடைத்தது என்ன? நட்டஈடு இல்லை, தீர்ப்பே போதுமான பரிகாரம் என்றார்கள். வழக்குச் செலவுக்கு 1,365 யூரோ. மறு வருடம் ஜூலையில் யாகூ மெசஞ்சரும் மூடப்பட்டுவிட்டது.