மயக்கம் என்னும் ஒரு சொல்

சில ஆண்டுகளுக்கு முன், நாம் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தில் முதியவர் ஒருவர் உணவு மேசையருகே சரிந்து விழுந்தார். “தாத்தா மயங்கிட்டாருடா, ஆம்புலன்சைக் கூப்பிடு!” என்று பாட்டி அலறினார். பேரன் 995ஐ அழைத்து, தாத்தாவுக்குத் தலைசுற்றுகிறது என்று ஆங்கிலத்தில் சொன்னான். “கண் திறக்கிறாரா? இயல்பாக மூச்சு விடுகிறாரா?” என்று மறுமுனையில் கேட்ட பின்னரே அவன் அருகில் சென்று பார்த்தான். முதியவர் பிழைத்துக்கொண்டார். ஆயினும் பேரன் இதனை நம்மிடம் கூறியபோது, குற்றம் அவனுடையதன்று, நாம் கற்பித்த சொல்லினுடையது என்றே எண்ணினோம்.

மயக்கம் என்பது தலைசுற்றலைக் குறிக்கும். சற்றே நினைவிழந்து மீளுவதையும், எவ்வளவு அழைத்தும் எழாத நிலையையும் குறிக்கும். அறுவை சிகிச்சைக்குமுன் மருந்தால் உண்டாக்குவதும் மயக்கமே. கள் தருவதும் அதுவே. இலக்கணம் கற்ற நமக்கோ மெய்ம்மயக்கமும் வேற்றுமை மயக்கமும் முதலில் நினைவுக்கு வரும். கவிதைக்கு இப்பொருள்வளம் செல்வம். அவசர அழைப்பில் அது இடர்.

மூளைக்குச் செல்லும் இரத்தம் சிறிது நேரம் குறைவதால் விழுபவர், படுக்கவைத்தால் பெரும்பாலும் ஓரிரு நிமிடங்களில் தெளிவார். தட்டியழைத்தும் அசையாமல், இயல்பாக மூச்சும் விடாமல் கிடப்பவருக்கு இதயத் துடிப்பே நின்றிருக்கக்கூடும். அந்நிலையில் உதவியின்றிக் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை நூற்றுக்கு ஏறத்தாழ 7 முதல் 10 வரை குறைக்கிறது. மார்பின் நடுவே, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். ஏஇடி கருவியைக் கொண்டுவரச் செய்ய வேண்டும். இங்கே இன்னொரு சொல்லும் நம்மை ஏமாற்றும். இதயம் நின்ற பின்னும் சிலர் விட்டுவிட்டு வாயைத் திறந்து மூச்சிழுப்பதுண்டு. “மூச்சு இருக்கிறது” என்று சுற்றத்தார் ஆறுதல் கொள்வர். அது மூச்சன்று. நம் முன்னோர் அதனை ‘மேல்மூச்சு’ என்று தனியே பிரித்து வழங்கினர்; அப்பிரிவை நாம் இழந்துவிட்டோம்.

செய்தித்தாள்கள் இதயம் நின்றுபோவதையும் மாரடைப்பு என்றே எழுதுகின்றன. மாரடைப்பு நல்ல சொல்: இதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய் அடைபடுதலை அது நேரே உணர்த்துகிறது. ஆனால் மாரடைப்பு வந்தவர் பெரும்பாலும் விழிப்புடன் இருப்பார், வியர்ப்பார், நெஞ்சு அழுத்துகிறது என்பார். அவருடைய மார்பை அழுத்துதல் கூடாது. உடனே ஆம்புலன்சை அழைக்க வேண்டும்.

பக்கவாதம் என்னும் பெயரோ நேரத்தைப் பறிக்கிறது. இளம்பிள்ளைவாதம், முடக்குவாதம் என அடுக்கிய வரிசையில் இதுவும் ஒரு வாதம் என்றெண்ணி, எண்ணெய் தேய்க்கத் தொடங்குவோர் இன்றும் உளர். நோய் கைகாலில் இல்லை, மூளையில் உள்ளது. அங்கே இரத்தக்குழாய் அடைபட்டிருக்கலாம் அல்லது வெடித்திருக்கலாம்; ஸ்கேன் எடுத்தாலன்றி எது என்று தெரியாது. அடைப்பைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும். வாய் கோணினால், ஒரு கை தாழ்ந்தால், பேச்சுக் குழறினால், அது எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதைக் குறித்துக்கொள்வதே முதல் மருத்துவம்.

கீழே விழுந்த முதியோர் ‘சுளுக்கு’ என்று சொல்லிக்கொள்வதும் இவ்வகையே. எழ இயலாமல், ஒரு கால் குறுகி, பாதம் வெளிப்புறம் திரும்பியிருந்தால் இடுப்பெலும்பருகே முறிந்திருக்கலாம். நீவுதலோ நடக்கவைத்தலோ ஆகாது. இழுப்பு என்பது வலிப்பா, மூச்சிரைப்பா என்ற கேள்வியும் உண்டு. அதனை வேறோர் உரைக்கு வைத்துக்கொள்வோம்.

அண்மையில் உயர்நிலைப் பள்ளி மாணவர் சிலரிடம், 995 அல்லது மலேசியாவில் 999ஐ அழைத்துப் பேசுவதுபோல் எழுதச் சொன்னோம். நோயின் பெயர் எதனையும் பயன்படுத்தலாகாது என்பதே விதி. ஒரு மாணவி எழுதினாள்: “பாட்டி தரையில் கிடக்கிறார். தட்டிக் கூப்பிட்டேன், கண் திறக்கவில்லை. நெஞ்சு ஏறி இறங்கவில்லை.” வீட்டு முகவரியை மட்டும் விட்டிருந்தாள், அதனை முதல் வரியில் சேர்க்கச் சொன்னோம்.