அம்ரிதா ஷெர்கிலின் மனித உருவங்கள்

மனப்பதிவு ஓவியர் மனித உடலை ஒளி விழும் ஒரு பரப்பாகவே கண்டனர் என்பது முற்றும் நியாயமான கூற்றன்று. எனினும், அவர்களுக்குப் பின்வந்த செசானும் கோகேனும் உருவத்திற்குக் கனத்தையும் உறுதியான கோட்டையும் மீண்டும் அளித்தனர் என்பதில் ஐயமில்லை. அந்நெறியைப் பாரிஸில் கற்று, 1934இல் இந்தியா திரும்பியவர் அம்ரிதா ஷெர்கில் (1913–1941).

அஜந்தாவையும் தென்னாட்டையும் கண்டபின், 1937இல் அவர் தீட்டிய மூன்று பெரும் ஓவியங்களுள் ஒன்று 'சந்தைக்குச் செல்லும் தென்னிந்தியக் கிராமத்தார்'. கருநிற மேனியர், மெலிந்த நெடிய உருவங்கள், நுண்விவரங்கள் நீக்கப்பட்டுள்ளன. கையேந்தி இரப்பார் அங்கு எவருமில்லை.

இங்கேதான் நமக்கு ஒரு கேள்வி எழுகின்றது. கிருஷ்ணகிரிச் சந்தைக்குச் செல்வோரையும் ஓசூர் ஆலைவாயிலில் நிற்போரையும் நாம் பிரசங்கத்தில் எடுத்துக்காட்டாக மட்டும் கையாளுகின்றோமா? 1891இல் தாகித்தி சென்ற கோகேன், அம்மக்களிடம் பெரிதும் தம் கனவையே கண்டார் எனலாம். ஷெர்கிலும் வசதிமிக்க குடும்பத்தினரே. வறுமையை அழகாக்கினார் என்னும் குறையை எளிதில் தள்ளிவிட இயலாது. ஆயினும், அவர் தம் மாந்தரை இரக்கத்திற்குரிய பொருளாக்கவில்லை என்றே நாம் கருதுகின்றோம். அவர்களுடைய மௌனம் அவர்களுக்கே உரியதாய் நிற்கின்றது. 'மணமகள் ஒப்பனை', 'பிரம்மசாரிகள்' ஆகிய மற்ற இரண்டிலும் அதே மௌனத்தைக் காணலாம். இவ்விரண்டும் புதுதில்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில் உள்ளன.