272 படிகளும் கால் தசைகளும்

தைப்பூசத் திருநாளில் காவடி ஏந்தும் அன்பர்கள், பத்துமலையின் 272 படிகளை ஏறியே முருகப் பெருமானின் சந்நிதியை அடைகின்றனர். அந்த ஏற்றத்தில் உடல் ஆற்றும் பணி வியப்புக்குரியது.

ஒவ்வொரு படியிலும், முதுகெலும்பின் கீழ்ப்பகுதியிலிருந்து தொடை எலும்புக்குச் செல்லும் தசை காலைத் தூக்குகிறது. பாதம் பதிந்ததும் பிட்டத்தின் பெருந்தசை இடுப்பை நிமிர்த்துகிறது. தொடையின் முன்புறமுள்ள நாற்றலைத் தசை முழங்காலை நீட்டுகிறது. கெண்டைக்கால் தசை உடலை மேலே உந்துகிறது. ஒற்றைக்காலில் நிற்கும் கணத்தில் இடுப்பு ஒருபுறம் சாயாமல் காப்பது அதன் பக்கவாட்டுத் தசை. வயிற்றுத் தசைகளும் முதுகுத் தசைகளும் இணைந்து, காவடியின் பாரத்தால் உடல் தள்ளாடாமல் நிலைநிறுத்துகின்றன.

ஏறுகையில் மூச்சு வாங்கும். இறங்கினாலோ தசை நோகும். இறக்கத்தில் நாற்றலைத் தசை நீண்டுகொண்டே உடலின் எடையைத் தாங்குவதே காரணம். மறுநாள் தொடையில் தோன்றும் வலி பெரும்பாலும் இதனால் விளைவதே. ஏறிக் களைத்த தசை அப்போது தளர்ந்தால், முழங்கால் மடங்கி விழ நேரலாம்.

ஆகவே, விரதம் தொடங்கும் நாள் முதலே படி ஏறியும் இறங்கியும் பழகுதல் நன்று. நேர்த்திக்கடன் நிறைவேறியதும் சற்றே இளைப்பாறி, நீர் அருந்தி, கைப்பிடியைப் பற்றி மெல்ல இறங்குவீர்களாக!