கரிசல் மண்ணில் ஒரு வீடு

வீடு கட்ட விழைவோர் முதலில் எண்ணுவது அறைகளையும் சுவர்களின் வண்ணத்தையுமே ஆகும். ஆயினும், வீட்டின் முழுச் சுமையையும் தாங்குவது அதன் அடியிலுள்ள மண். சுவருக்கு வேறு வண்ணம் பூசிவிடலாம்; வீடு எழும்பியபின் அடிமண்ணை மாற்றுதல் அரிது. ஒரு குடும்பத்தின் பல்லாண்டுச் சேமிப்பு அம்மண்ணின்மேல்தான் நிற்கிறது. எனவே, கடைக்கால் தோண்டுமுன் மண்ணை ஆராய்தல் வேண்டும்.

நாகபுரி, சோலாப்பூர், இந்தூர் ஆகிய ஊர்களில் வாழும் மாணவர்கள் கரிய மண்ணைக் கண்டிருப்பீர்கள். தமிழில் அதனைக் கரிசல் மண் என்பர். தமிழ்நாட்டில் கோவில்பட்டி வட்டாரத்திலும் அது உண்டு. ஈரத்தை நெடுநாள் காக்கும் இயல்பால் அம்மண்ணில் பருத்தி செழிக்கிறது. உழவருக்கு நன்மை தரும் அவ்வியல்பே வீட்டுக்குத் தீங்காகிறது. கரிசல் மண் நீரை உறிஞ்சி உப்பும். கோடையில் சுருங்கிப் பிளக்கும். மழை பெய்யும்போது வீட்டைச் சுற்றியுள்ள மண் நன்கு நனைகிறது; வீட்டின் நடுவே அடியிலுள்ள மண் அவ்வளவாக நனைவதில்லை. ஓரம் உயர்ந்து நடுப்பகுதி அசையாதிருப்பதால் சுவர் வெடிக்கிறது. சன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல் இதன் அடையாளங்களுள் ஒன்று.

மண்ணை ஆராய்வது எவ்வாறு? முதலில் அண்டை வீடுகளின் சுவர்களையும் கிணற்றின் நீர்மட்டத்தையும் நோக்க வேண்டும். பின்பு மனையில் ஏறத்தாழ 2 மீட்டர் ஆழத்திற்குக் குழி தோண்ட வேண்டும். குழியில் உடைந்த செங்கல், நெகிழிப்பை முதலியன காணப்பட்டால், அது பள்ளத்தை மேடாக்கிய நிலமாக இருக்கக்கூடும். அத்தகைய மண் சுமையேறியதும் அமிழும்.

அடுத்து, சிறிது ஈரமண்ணை உள்ளங்கையில் உருட்டிப் பார்க்கலாம். மணல் உதிரும், களிமண் கயிறுபோல் நீளும். களிமண் எனில், அது எவ்வளவு உப்பும் என்பதை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. உலர்த்திச் சலித்த மண்ணைப் பத்துப் பத்துக் கிராமாக இரண்டு அளவுசாடிகளில் இடுவர். ஒன்றில் நீரும் மற்றொன்றில் மண்ணெண்ணெயும் ஊற்றி, 24 மணி நேரம் வைப்பர். மண்ணெண்ணெயில் மண் உப்பாது, நீரில் உப்பும். மண்ணெண்ணெயில் 10 மில்லிலிட்டராகவும் நீரில் 17 மில்லிலிட்டராகவும் மண் படிந்தால், உப்பும் அளவு 70 விழுக்காடு. இவ்வளவு 50 விழுக்காட்டைக் கடந்தால் மிகுந்த கவனம் தேவை.

மண்ணின் வலிமையை அறியப் பொறியாளர் துளையிட்டுச் சோதிப்பர். 63.5 கிலோகிராம் எடையுள்ள சம்மட்டியை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழச்செய்து, ஒரு குழாயை மண்ணுள் இறக்குவர். முதல் 15 செ.மீ. கணக்கில் சேராது. அடுத்த 30 செ.மீ. இறங்க எத்தனை அடிகள் தேவை என எண்ணுவர். அடிகள் குறைந்தால் மண் மென்மையானது எனக் கொள்வர்.

கரிசல் மண் என அறிந்ததும் மனையைக் கைவிட வேண்டியதில்லை. உப்பாத சரளை மண்ணை நிரப்பிக் கெட்டிக்கலாம். ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் வகுத்த, அடிப்பகுதி குமிழ்போல் பருத்த தூண்களைக் கோடையிலும் ஈரம் மாறாத ஆழம்வரை இறக்கலாம். மழைநீர் விலகியோட வீட்டைச் சுற்றிச் சாய்தளம் அமைக்கலாம். மண்ணில் நல்லது தீயது என்பதில்லை. அதன் இயல்பறிந்து கட்டுவதே அறிவுடைமை.

அருஞ்சொற்பொருள்
கடைக்கால் – அடித்தளம், அஸ்திவாரம்
விழுக்காடு – சதவீதம்
சம்மட்டி – பெரிய சுத்தியல்

பயிற்சி
1. கரிசல் மண் உழவருக்கு நன்மையும் வீட்டுக்குத் தீமையும் தருவது ஏன்?
2. ஒரு மண் மண்ணெண்ணெயில் 10 மில்லிலிட்டராகவும் நீரில் 13 மில்லிலிட்டராகவும் படிந்தது. அது உப்பும் அளவு எத்தனை விழுக்காடு?
3. நீங்கள் வாழும் ஊரின் மண் எத்தகையது? பெரியோரிடம் கேட்டு ஐந்து தொடர்களில் எழுதுக.