நிழலை அளக்கும் கோல்

மேசையொன்றின் நீளத்தை அளப்பதற்குப் பெரும் படிப்பு வேண்டுவதில்லை. கோலை அதன்மேல் வைத்தாற் போதும். ஆனால் நோயாளியின் உடலுக்குள்ளே இருக்கும் கட்டியொன்றை அளக்க முற்படும் வைத்தியர் முன்னே அக்கட்டி இருப்பதில்லை. கணினித் திரையில் தோன்றும் அதன் உருவம் மாத்திரமே இருக்கிறது. அவ்வுருவத்தின் ஓர் ஓரத்தில் ஒரு புள்ளியும் எதிரோரத்தில் மற்றொரு புள்ளியும் இடுகிறார். இரண்டுக்குமிடையே கோடு தோன்றி, அதனருகே '14 மில்லிமீற்றர்' என்று எழுத்து விழுகிறது. இந்த 14 எங்கிருந்து வந்தது? உருவத்தைத் திரையில் இரு மடங்காகப் பெருப்பித்தாலும் அவ்வெண் 28 ஆவதில்லையே, அஃது எவ்வாறு என நேயர்கள் வினவலாம்.

விடை அப்படத்தினுள்ளேயே இருக்கிறது. மருத்துவப் படங்கள் பெரும்பாலும் 'டைகொம்' என்னும் பொது நியமத்துக்கு அமையச் சேமிக்கப்படுகின்றன. அமெரிக்கக் கதிரியல் வைத்தியர்களின் சங்கமும் மின்சாதன உற்பத்தியாளரின் சங்கமும் சேர்ந்து 1985 இல் வெளியிட்ட நியமமே வளர்ச்சியுற்று 1993 இல் இப்பெயரைப் பெற்றது. இதன்படி நோயாளியின் பெயர், படமெடுத்த திகதி ஆகியவற்றோடு, படத்தை ஆக்கும் சிறு புள்ளிகளுள் அடுத்தடுத்த இரண்டுக்கு இடைப்பட்ட தூரம் எத்தனை மில்லிமீற்றர் என்பதும் எழுதப்பட்டிருக்கும். மென்பொருள் புள்ளிகளை எண்ணி அத்தூரத்தாற் பெருக்குகிறது. அவ்வளவே அதன் வித்தை. சீ.ரீ. ஸ்கான் படமொன்றில் வழக்கமாக வரிசைக்கு 512 புள்ளிகள். 350 மில்லிமீற்றர் அகலமான பரப்பைப் படமெடுத்தால் ஒரு புள்ளி ஏறக்குறைய 0.7 மில்லிமீற்றர். ஆகவே மென்பொருள் தசமத்தில் இரண்டு இலக்கங்களைக் காட்டுமாயின், அவற்றைக் கண்டு மயங்குதல் கூடாது.

சாதாரண எக்ஸ்-கதிர்ப் படத்தின் கதை வேறு. அது வெறும் நிழல். குப்பி விளக்குக்கும் சுவருக்கும் இடையில் கையை நீட்டினால், சுவரிலிருந்து கை விலக விலக நிழல் பெருப்பதைச் சிறுவரும் அறிவர். இடுப்பு மூட்டு படத்தகட்டிலிருந்து விலகி உடலின் உள்ளே இருப்பதால், அதன் நிழல் 15 முதல் 20 சதவீதம் வரை பெருத்து விழுவது வழக்கம். செயற்கை மூட்டுப் பொருத்தவிருக்கும் சத்திரசிகிச்சை நிபுணர் அந்நிழலை அப்படியே நம்பினால், வேண்டியதிலும் பெரிய மூட்டைத் தெரிந்தெடுக்க நேரும். இதற்காகவே 25 மில்லிமீற்றர் விட்டமுள்ள உலோகக் குண்டொன்றை மூட்டின் மட்டத்தில் வைத்துப் படமெடுப்பர். திரையில் அக்குண்டு 30 எனக் காட்டினால், 'இது 25' என்று மென்பொருளுக்குக் கற்பித்துவிடலாம். அதன்பின் அம்மட்டத்திலுள்ள நீளங்கள் யாவும் திருத்தம் பெறும். ஆனால் குண்டைக் கவனமின்றி மேசைத் தளத்தில் வைத்துவிட்டால்? குண்டின் நிழல் குறைவாகவும் எலும்பின் நிழல் கூடுதலாகவும் பெருக்கும். மென்பொருளோ எவ்வித ஐயமுமின்றிப் பிழையான எண்ணையே காட்டி நிற்கும்.

கோணங்களுக்கு இத்தொல்லை இல்லை. முள்ளந்தண்டின் வளைவை அளக்க அமெரிக்க வைத்தியர் ஜோன் கொப் 1948 இல் வகுத்த கோணம், நிழல் பெருத்தாலும் மாறாது. இதயத்தின் அகலத்தை மார்பின் அகலத்தோடு ஒப்பிடும் விகிதமும் பெருமளவுக்கு அத்தகையதே. அது பாதிக்கு மேற்பட்டால் இதயம் வீங்கியிருக்கலாமென ஐயுறுவர். எனினும் எழுந்து நிற்கவியலாத நோயாளியைப் படுக்கையில் வைத்து முன்புறமிருந்து எடுத்த படத்தில், தகட்டுக்குத் தூரத்திலுள்ள இதயம் உள்ளதிலும் பெரிதாய்த் தோன்றும்.

எளிதில் ஏமாற்றக்கூடியது சாய்வு. வாழைத்தண்டை நேர்குறுக்காக வெட்டினால் வட்டம்; சரித்து வெட்டினால் நீள்வட்டம். வயிற்றுப் பெருநாடி வீங்கிய ஆண்களுக்கு அதன் விட்டம் 5.5 சென்ரிமீற்றரை எட்டும்போது சத்திரசிகிச்சையைப் பற்றி ஆலோசிப்பது மருத்துவ வழக்கு. 5 சென்ரிமீற்றர் விட்டமுள்ள நாடி 30 பாகை சாய்ந்து ஓடுமாயின், அதன் வெட்டுமுகம் நீண்ட பக்கத்தில் ஏறக்குறைய 5.8 எனக் காட்டும். காத்திருந்து கவனிக்கவேண்டிய ஒருவரை அந்த 8 மில்லிமீற்றர் சத்திரசிகிச்சை மேசைக்குக் கொண்டுபோய்விடக்கூடும். வெட்டுமுகத்தைத் திருப்பி, நாடியின் போக்குக்குச் செங்குத்தாக அமைத்த பின்னர் அளப்பதற்கு நல்ல மென்பொருள்களில் வழியுண்டு. அதற்குச் சில நிமிடங்களே செல்லும்.

புற்றுநோய்க் கட்டிகளிலும் ஒரு கோட்டின் நீளமே மருந்தைத் தீர்மானிப்பதுண்டு. 2009 இல் திருத்தப்பட்ட சர்வதேச விதிகளின்படி, தெரிந்தெடுத்த கட்டிகளின் விட்டங்களைக் கூட்டி, அத்தொகை 30 சதவீதம் குறைந்தால் மருந்து பலிக்கிறதென்று கொள்வர். முன்பு கண்ட மிகக் குறைந்த தொகையிலிருந்து 20 சதவீதமும், குறைந்தது 5 மில்லிமீற்றரும் கூடினால் நோய் முற்றுகிறதென்று கொள்வர். ஆயின் திரையின் ஒளியமைப்பை மாற்றினாலே நுரையீரற் கட்டியின் ஓரம் சற்று விரியும், அல்லது சுருங்கும். ஆதலால் அனுபவமுள்ள வைத்தியர் முன்னைய படத்தைப் புதியதன் அருகே திறந்து, இரண்டையும் ஒரே ஒளியமைப்பில் நிறுத்தி, அன்று எந்தக் கட்டியில் எவ்விடத்திலிருந்து கோடு இடப்பட்டதென்று பார்த்த பின்னரே இன்றைய கோட்டை இடுவார்.