பங்குப் பேரவையில் நமக்கு ஓரிடம்

சென்ற மாதம் நமது சங்கத்தின் நிர்வாகக் கூட்டம் முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தோம். வயதில் மூத்த நம் காரியதரிசி அவர்கள் என்னை நோக்கி, "தம்பி, இங்கே நான்கு நாற்காலி வாங்குவதற்கும் ஒன்பது பேர் கை தூக்க வேண்டியிருக்கிறது. உங்கள் மாதா கோயிலில் இந்தத் தொல்லையெல்லாம் இராது. சாமியார் சொன்னால் முடிந்தது, அல்லவா?" என்று கேட்டார்.

"அப்படியில்லை, அண்ணா. எங்களுக்கும் கூட்டம் உண்டு, மினிட்ஸ் புத்தகமும் உண்டு. அதை எழுதுகிறவனே நான்தான்" என்றேன்.

"அப்படியானால் கை தூக்குவதும் உண்டா?"

"உண்டு. ஆனால் தூக்கிய கைகளை எண்ணி முடிவு செய்வது மட்டும் இல்லை."

இதென்ன விந்தை என்று அவர் நகைத்தார். அவருக்கு அன்று அரைகுறையாகச் சொன்னதைச் சற்று விரிவாக எழுதினால், பிற சமயத்து அன்பர்களும் அறிந்துகொள்வார்கள் என்று கருதியே இக்கட்டுரையை எழுதலானேன்.

ஒரு குருவானவரின் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்ட கத்தோலிக்கக் குடும்பங்களின் சமூகத்திற்குப் பங்கு என்று பெயர். பங்குக் காரியங்களில் குருவானவருக்கு ஆலோசனை கூறுவதற்காக இல்லறத்தார் அமர்ந்திருக்கும் சபையே பங்குப் பேரவை. இது இன்றைய அமைப்பில் புதிது. 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்திலும் கோயில் சொத்துக்களைக் கவனிக்கப் பொதுமக்கள் அடங்கிய குழுவுக்கு இடம் இருந்தது. ஆனால் ஞான காரியங்களில் அக்குழு தலையிடலாகாது என்று வேலி போட்டிருந்தார்கள். 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கந்தான் அந்த வேலியைத் தளர்த்தியது. பொதுநிலையினரின் பணியைப் பற்றி 1965 நவம்பரில் அச்சங்கம் வெளியிட்ட ஏடு, இயன்றால் பங்கு அளவிலும் இத்தகைய சபைகள் அமைய வேண்டும் என்று கூறிற்று. 1983ஆம் ஆண்டின் புதிய சட்டம் 536ஆம் பிரிவில் இதற்கு உருவம் கொடுத்தது. ஆயர் உகந்ததென்று கண்டால் ஒவ்வொரு பங்கிலும் பேரவை அமைக்கலாம்; பங்குக்குரு அதற்குத் தலைமை தாங்குவார்; பேரவைக்கு உள்ளது ஆலோசனை கூறும் வாக்கு மட்டுமே.

இன்றைய அமைப்பில் புதிது என்றேனே தவிர, குருவல்லாதார் கோயில் காரியம் பார்ப்பது நம்மவர்க்குப் புதிதன்று. 1542இல் முத்துக்குளித்துறைக் கரைக்கு வந்த புனித சவேரியார், தாம் இல்லாத காலத்தில் செபம் கற்பிக்கவும் கோயிலைக் கவனிக்கவும் ஊருக்கு ஊர் கணக்கப்பிள்ளைகளை நியமித்தார். நானும் கணக்கெழுதிப் பிழைப்பவனாதலால், அப்பெயரைப் படித்தபோது எனக்கு உள்ளூர ஒரு பெருமை! எங்கள் பேரவையிலுள்ள மலையாள நண்பர் ஒருவர், தம் ஊரில் குடும்பத் தலைவர்கள் கூடிக் கோயில் வரவு செலவைப் பார்க்கும் பள்ளியோகம் என்ற பழைய வழக்கத்தைப் பற்றியும், கோயில் உடைமைகளைக் காக்கும் கைக்காரன் என்ற பொறுப்பாளரைப் பற்றியும் வாய் ஓயாமல் சொல்வார்.

நிற்க. வெறும் ஆலோசனைக்கு என்ன மதிப்பு என்று கேட்பவர்களுக்கு எங்கள் பங்கில் நடந்ததையே சொல்கிறேன்.

இந்த ஜங்ஷன் ஊரிலுள்ள எங்கள் பங்கில் இந்தி பேசுவோரும், சோட்டா நாகபுரிப் பழங்குடியினரும், மலையாளிகளும், கோவாக்காரர்களும் இருக்கிறார்கள். நாம் நாற்பத்து மூன்று குடும்பம். பெரும்பாலும் ரயில்வே குவார்ட்டர்ஸ்வாசிகள். மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை தமிழில் பூசை நடக்கும். சில ஆண்டுகளுக்கு முன், இந்தத் தமிழ்ப் பூசையை நிறுத்திவிட்டு எல்லோருக்கும் இந்தியிலேயே பூசை நடத்த வேண்டும் என்று பேரவையில் ஒரு யோசனை வந்தது. ஒரே பங்கில் தனித்தனிக் கூட்டம் எதற்கு என்பது அவர்கள் வாதம். அதைத் தீயதென்று சொல்வதற்கில்லை.

குறை நம்மிடமும் இருந்தது. பேரவையில் தமிழர்க்கு இரண்டு இடம் உண்டு. ஒருவர் வேறு டிவிஷனுக்கு மாற்றலாகிப் போய்விட்டார். மற்றவர் நைட் ட்யூட்டியைக் காரணம் காட்டி வருவதேயில்லை. ஏழெட்டு மாதம் இரண்டு நாற்காலிகளும் காலியாகவே கிடந்தன. இல்லாதவர்களைப் பற்றி இருப்பவர்கள் பேசத்தானே செய்வார்கள்! செய்தி எட்டிய பிறகே நானும், மேலும் ஒருவரும் அவசரமாக அவ்விடங்களுக்குச் சென்றோம்.

மொத்தம் பத்தொன்பது பேர். யோசனைக்குச் சாதகமாகப் பதின்மூன்று கைகள் எழுந்தன, எதிராக நான்கு, இருவர் வாளாவிருந்தனர். நமது சங்கமாயிருந்தால் காரியம் அத்துடன் தீர்ந்திருக்கும். பங்குக்குருவானவர் கைகளைப் பார்த்தார், குறித்துக்கொண்டார், பிறகு எங்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "உங்கள் வீட்டு முதியவர்கள் எந்த மொழியில் பாவசங்கீர்த்தனம் செய்கிறார்கள்?"

மகனோடும் மருமகளோடும் வந்து தங்கியிருக்கும் தாய்மார்களை நினைத்துப் பார்த்தேன். காய்கறி வாங்குமளவுக்கு இந்தி அவர்களுக்குப் போதும். மனத்திலுள்ளதைச் சொல்லி அழ அது போதாது. அதைத்தான் எழுந்து சொன்னேன். என் இந்தியும் அன்று தடுமாறிற்று.

குருவானவர் முடிவை ஒரு மாதம் தள்ளிவைத்தார். அதற்குள் பேரவையினர் நால்வரைத் தமிழ்ப் பூசைக்கு வந்து பார்க்கச் சொன்னார். அடுத்த கூட்டத்தில், பூசை தொடரும் என்றும், தமிழ்க் குடும்பங்கள் வட்டார அன்பியக் கூட்டங்களுக்குத் தவறாது வந்து மற்றவர்களோடு கலந்து பழக வேண்டும் என்றும் அறிவித்தார். பதின்மூவரில் சிலர் முணுமுணுத்தனர். அவர் ஒராவோன் வகுப்பினர். தம் தாயார் குருக் மொழியில்தான் செபம் சொல்வார் என்று பின்னொரு நாள் என்னிடம் கூறினார். அதுவும் திராவிட மொழிகளில் ஒன்று, நம் தமிழுக்கு உறவு என்பதை அன்றுதான் அறிந்தேன்.

ஆக, கைகளை எண்ணாத முறையே சிறுபான்மையாகிய நம்மைக் காப்பாற்றியது. ஆனால் இதே முறை எனக்குக் கசந்த நாளும் உண்டு. அடுத்த ஆண்டு, பங்குக் குடும்பங்களின் திருமணத்திற்கு மண்டப வாடகையைக் குறைக்க வேண்டும் என்று பதினாறு பேர் கேட்டோம். குருவானவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கூரை பழுதுபார்க்கப் பணம் வேண்டுமென்று மறுத்துவிட்டார். அன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சமன்று. இதற்கு முன் நான் பணியாற்றிய வேறோர் ஊரில் நிலைமை இன்னும் மோசம். பேரவை உறுப்பினர் பெயர்ப் பட்டியல் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கும். இரண்டு ஆண்டுகளாகக் கூட்டம் மட்டும் கூடவில்லை. கேட்பதற்கு மனமில்லாத இடத்தில் ஆலோசனை வாக்கு என்பது சுவரில் மாட்டிய படந்தான்.

இக்குறையை மேலிடமும் அறியாமலில்லை. 2020 ஜூலையில் குருக்களுக்கான ரோமைத் திருப்பேராயம் வெளியிட்ட பங்குகள் பற்றிய அறிவுரையில், பேரவையின் கருத்தைக் குறிப்பாக அது ஒருமனதாக இருக்கும்போது, குருவானவர் கவனத்துடன் ஆராயக் கடமைப்பட்டவர் என்று எழுதியிருக்கிறது. 2024 அக்டோபரில் முடிவுற்ற ஆயர் மாமன்றத்தின் இறுதி ஏடு, இத்தகைய சபைகளைக் கட்டாயமாக்க வேண்டும் என்றே வற்புறுத்திக் கேட்டது. பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் ஏழை எளியவர்களுக்கும் அவற்றில் கூடுதல் இடம் வேண்டும் என்றும் கூறிற்று.

நிதிக்குழு விஷயம் வேறு. பேரவையைப் போல ஆயர் உகந்ததென்று கண்டால் மட்டும் அமைப்பதன்று அது; 537ஆம் பிரிவின்படி ஒவ்வொரு பங்கிலும் இருந்தே ஆக வேண்டும். வரவு செலவு ஏடுகளை ஒழுங்காக வைத்திருக்க வேண்டும், ஆண்டு முடிவில் கணக்குத் தயாரிக்க வேண்டும், விசுவாசிகள் கொடுத்த காணிக்கைக்கு அவர்களுக்கே கணக்குக் காட்ட வேண்டும் என்றெல்லாம் சட்டத்தில் இருக்கிறது. எங்கள் கோயிலில் ஜனவரியில் ஒரு ஞாயிறு பூசைக்குப்பின் கணக்கு வாசிப்பார்கள். அன்று மட்டும் ஒருவரும் முன்கூட்டியே செருப்பைத் தேடுவதில்லை. சென்ற ஆண்டு மெழுகுவத்திச் செலவைப் பற்றிக் கடைசி வரிசையிலிருந்து ஒரு பாட்டியம்மாள் கேட்ட கேள்விக்கு, நிதிக்குழுவினர் மூவர் சேர்ந்து பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

இவற்றையெல்லாம் கேட்ட நம் காரியதரிசி, "அப்படியானால் அங்கே பேசத் தெரிந்தவன் வேண்டும், கை தூக்குகிறவன் போதாது" என்றார். பேசத் தெரிந்தவர் என்ன, கூட்டத்திற்கு வருகிறவர் கிடைப்பதே எங்களுக்கு அரிதாயிருக்கிறது.

என்னோடு இருந்த மற்றொரு தமிழ் உறுப்பினர் இம்மாதம் ஓய்வு பெற்று ஊருக்குச் செல்கிறார். அவருடைய இடத்திற்குக் குவார்ட்டர்ஸ் ஆண்கள் பதினோரு பேரைக் கேட்டேன், பதினொருவருக்கும் ட்யூட்டி. இறுதியில், ஞாயிறுதோறும் நம் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கும் அக்காள் ஒருவர் வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். கூட்டம் வரும் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு. எனக்கு அன்று இரவு ட்யூட்டி இருப்பதால், மினிட்ஸ் புத்தகத்தை அவர் கையிலேயே கொடுத்திருக்கிறேன்.