கொட்டாங்குச்சி கான்கிரீட்டும் கருங்கல்லின் பிடிவாதமும்

தளம் போட்ட மறுநாளே மேஸ்திரி பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்திவிடுவார். செங்கல்பட்டு மாவட்டத்தில் அணுபுரம் குடியிருப்பானாலும் திருக்கழுக்குன்றத்துத் தெருவானாலும் இது மாறாது. தளம் சீக்கிரம் உலர்ந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். கலவை இளக வேண்டுமென்று சிமெண்டுக்குத் தேவையானதைவிடக் கூடுதலாகவே தண்ணீர் சேர்க்கிறோம். மிஞ்சியது ஆண்டுக்கணக்கில் உலர்ந்து வெளியேற, சிமெண்ட் பசை சுருங்குகிறது. வேறு விவரம் இல்லையென்றால் சுருக்கத்தை 0.0003 என்று கொள்ளச் சொல்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456. அதாவது 10 மீட்டருக்கு 3 மில்லிமீட்டர். இரு முனையும் அசையாமல் பிடிபட்டிருந்தால் விரிசல் விட இதுவே போதும்.

பசையை அதன் போக்கில் விட்டால் இன்னும் சுருங்கும். விடாமல் பிடித்து நிற்பது ஜல்லி. மாமல்லபுரத்துச் சிற்பிகளின் உளிக்கே லேசில் மசியாத கருங்கல் அல்லவா!

அந்தக் கருங்கல்லை எடுத்துவிட்டால்? இதே மாவட்டத்தில், காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஜல்லிக்குப் பதில் உடைத்த கொட்டாங்குச்சியைப் போட்டுப் பார்த்தார்கள். சாதாரண கான்கிரீட் கனமீட்டருக்குச் சுமார் 2,400 கிலோ. இது 2,000-க்கும் கீழே. ஓடு தன் எடையில் ஏறக்குறைய 24 சதவீதம் தண்ணீர் குடிப்பதால், ஊறவைத்துத்தான் கலவையில் போட வேண்டும். குடித்த தண்ணீர் பிறகு உள்ளிருந்தே கசிந்து பசையை நனைக்கும், பாத்தியை உள்ளேயே கட்டியதுபோல. இதனால் சுருக்கம் தள்ளிப்போகும். ஆனால் லேசான ஜல்லிக்குக் கருங்கல்லின் விறைப்பு கிடையாது. கடைசியில் கூடுதலாகச் சுருங்குவதே வழக்கம்.

இன்னொரு தொல்லை, ஊர்வு. பொறியாளர்கள் 'க்ரீப்' என்பார்கள். சுமை அப்படியே இருக்க, கான்கிரீட் மட்டும் வருடக்கணக்கில் அமுங்கிக்கொண்டே போகும். 28-ஆம் நாளில் சுமை ஏற்றியதும் 1 மில்லிமீட்டர் அமுங்கினால், பிற்பாடு இன்னும் 1.6 சேரும் என்பது ஐ.எஸ். 456 கணக்கு. 7-ஆம் நாளிலேயே ஏற்றினால் 2.2. சென்ட்ரிங் பிரிக்க அவசரப்படுகிறவர்கள் பார்க்க வேண்டிய எண் இது. மெத்தென்ற ஜல்லியில் முதல் அமுக்கமே அதிகம்.

அணுபுரத்துக்குப் பக்கத்தில், கல்பாக்கம் அணுமின் நிலைய உலைக் கட்டடத்தின் உட்சுவர் எஃகு வடங்களால் இறுக்கிக் கட்டிய கான்கிரீட். சுருக்கமும் ஊர்வும் வடங்களின் இறுக்கத்தைத் தளர்த்தும் என்பதால், இழப்பை முன்கூட்டியே கணக்கில் எடுத்துத்தான் இத்தகைய சுவர்களை வடிவமைக்கிறார்கள்.

பசிபிக் தீவு நாடான பலாவில் 1977-இல் கட்டிய 241 மீட்டர் இடைவெளிப் பாலத்தில் கணக்கு தவறியது. நடுப்பகுதி ஒரு மீட்டருக்கும் மேல் தொய்ந்தது. செப்பனிட்ட சில மாதங்களில், 1996 செப்டம்பரில், இடிந்து விழுந்தது. அதில் இருந்தது கல் ஜல்லி போட்ட சாதாரண கான்கிரீட்தான்.